இரண்டு மயில், ஒரு மான்: பல மொழிகளில் உள்ள பழைய வாசகத்தில் சொல் தடம் பிடிப்பது எப்படி?

அசோகர் ஒரே ஆணையைப் பல ஊர்ப் பாறைகளில் வெட்டவைத்தார். ஊருக்கு ஊர் பேச்சு வேறு என்பதால் குஜராத்தின் கிர்நாரில் ஒரு மாதிரி இருக்கும், ஒடிசாவின் ஜௌகடாவில் வேறு மாதிரி இருக்கும். இன்றைய பாகிஸ்தானில் உள்ள மான்செஹ்ராவில் எழுத்தே வேறு. வலமிருந்து இடமாக ஓடும் கரோஷ்டி. சொல் எங்கே அப்படியே நிற்கிறது, எங்கே உருமாறுகிறது என்று பார்த்துப் பழக இது அருமையான இடம். இந்த ஆணைகளின் மொழியான பிராகிருதம் தெரிந்திருக்க வேண்டாம். ஒரு நோட்டும் இரண்டு நிறப் பேனாவும் போதும்.

படி 1: வாசகங்களை எடுத்துக்கொள்ளுங்கள்

ஜெர்மானியக் கல்வெட்டறிஞர் ஹுல்ஷ் 1925இல் வெளியிட்ட அசோகர் கல்வெட்டுத் தொகுதி இணையத்தில் கிடைக்கிறது. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளைப் பதிப்பித்த அதே ஹுல்ஷ்தான். எல்லா ஊர் வாசகங்களையும் அடுக்கிக் காட்டும் பகுதியும் அதில் உண்டு. மொத்தத்தையும் படிக்க உட்காராதீர்கள், ஓடிப்போய்விடுவீர்கள். ஒரு வாக்கியம் போதும்.

படி 2: ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்

முதல் பாறை ஆணையில் அரண்மனைச் சமையலறை வருகிறது. முன்பு குழம்புக்காகத் தினமும் பல லட்சக்கணக்கில் உயிர்களைக் கொன்றார்களாம். இப்போது மூன்றுதான், இரண்டு மயிலும் ஒரு மானும்.

கிர்நார்: த்வோ மோரா ஏகோ மகோ
கால்சி (உத்தராகண்ட்): துவே மஜுலா ஏகே மிகே
ஜௌகடா: துவே மஜூலா ஏகே மிகே
மான்செஹ்ரா: துவே 2 மஜுர ஏகே 1 ம்ரிகே

மான்செஹ்ராவில் எண்ணைச் சொல்லாலும் குறியாலும் எழுதியிருப்பதைக் கவனித்தீர்களா? கணக்குப்பிள்ளை புத்தி.

படி 3: அகராதியை மூடிவைத்துவிட்டு வித்தியாசங்களுக்கு வட்டம் போடுங்கள்

கிர்நாரில் 'ஏகோ', மற்ற மூன்றிலும் 'ஏகே'. மான்செஹ்ராவில் 'மஜுர', கால்சியில் 'மஜுலா', ஜௌகடாவில் 'மஜூலா'. அப்படியானால் சொல் இறுதியில் ஓ–ஏ மாற்றம் ஒன்று, ர–ல மாற்றம் ஒன்று, ஆக இரண்டு தடம் கையில் இருக்கிறது. ஆனால் ஒரு தடவை வந்ததைத் தடம் என்று சொல்லிவிட முடியாது. வேறு இரண்டு இடத்திலாவது காட்ட வேண்டும்.

அதே ஆணையின் முதல் வரியில் 'அரசனால்' என்பது கிர்நாரில் 'ராஞா', ஜௌகடாவில் 'லாஜினா'. சரி, ர–ல மறுபடி வந்துவிட்டது. இரண்டாம் ஆணையில் கிரேக்க அரசன் அந்தியோக்கஸ் பெயரைப் பாருங்கள். கிர்நாரில் 'அம்தியகோ யோனராஜா', கால்சியில் 'அம்தியோகே நாம யோனலாஜா'. இரண்டு தடமும் ஒரே இடத்தில்!

இங்கே நான் சறுக்கினேன். எல்லாவற்றையும் தமிழ் எழுத்தில் எழுதி வைத்ததால் இரண்டு பெயரிலும் ஒரே 'க' என்று நினைத்துக் கடந்துவிட்டேன். கல்லில் அப்படி இல்லை. கிர்நாரில் 'பக்கம்' என்பதில் வரும் க, கால்சியில் 'தங்கம்' என்பதில் வரும் க. ஆகவே க, ச, ட, த, ப வரும் இடங்களில் கீழே ஒரு புள்ளியோ கோடோ போட்டு ஒலியைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 4: தடத்துக்குள் அடங்காததைத் தனியாக வையுங்கள்

எனக்குப் பிடித்த கட்டம் இதுதான். அந்தியோக்கஸ் வரும் அதே வரியில் சோழர், பாண்டியரோடு சேரரும் வருகிறார்கள். மான்செஹ்ராவில் 'கேரலபுத்ர', கால்சியில் 'கேலலபுதோ'. இது நம் ர–ல தடத்துக்குள் அழகாக உட்காருகிறது. கிர்நாரில் இருப்பதோ 'கேதலபுதோ'. ர இருக்க வேண்டிய இடத்துக்குத் த எங்கிருந்து வந்தது? வேறெங்கும் இப்படி வராததால் உளி பிடித்தவர் கை தவறியிருக்கும் என்று கொள்வதே பொருத்தம். தடம் தெரியாதவருக்கு இது ஏதோ புது நாட்டின் பெயராகத் தோன்றியிருக்கும்.

படி 5: ஒலி மாறியதையும் சொல்லே மாறியதையும் கலக்காதீர்கள்

1958இல் ஆப்கானிஸ்தானின் கந்தகாரில் கிரேக்கத்திலும் அரமேயத்திலும் எழுதிய அசோகர் கல்வெட்டு கிடைத்தது. அதில் அறம் என்ற பொருளில் அசோகர் ஆளும் 'தம்மம்' என்ற சொல்லே கிடையாது. அந்த இடத்தில் கிரேக்கத்தில் 'எவுசெபெயா', அதாவது பயபக்தி. அரமேயத்தில் உண்மை என்ற பொருள்படும் சொல். கல்வெட்டுகளில் அசோகருக்கு வழங்கும் பியதசி என்ற பெயரை மட்டும் மொழிபெயர்க்காமல் 'பியோதஸ்ஸேஸ்' என்று விட்டுவிட்டார்கள். இந்த மாதிரிச் சொற்களுக்கு இரண்டாவது நிறப் பேனா. இது பாறை ஆணையின் வரிக்கு வரி பெயர்ப்பு இல்லை என்பதால் படி 2 போல அடுக்க முயலாதீர்கள், பொருந்தாது.

படி 6: சொல் நிற்கும் இடத்தையும் குறியுங்கள்

மான்செஹ்ரா தவிர மற்ற மூன்று ஊர்ப் பாறைகளிலும் உள்ள பிராமி எழுத்தை யாரும் படிக்க முடியாதிருந்த காலத்தில், சாஞ்சி பௌத்தத் தூபியின் குட்டிக் கல்வெட்டுகள் பலவும் ஒரே இரண்டு எழுத்தில் முடிவதை ஜேம்ஸ் பிரின்செப் கவனித்தார். கோயிலுக்குக் கொடை தந்தவர்கள் பெயர் வெட்டுவது வழக்கம், அப்படியானால் கடைசிச் சொல் 'தானம்' ஆக இருக்கலாம் என்று ஊகித்தார். அந்த ஊகம்தான் 1837இல் பிராமியைத் திறந்தது.

இப்போது உங்கள் முறை. மயில் வாக்கியத்தின் தொடர்ச்சி, 'அந்த மானும் நிச்சயமில்லை' என்பது:

கிர்நார்: ஸோ பி மகோ ந துவோ
கால்சி: ஸே பி சு மிகே நோ துவே (படி 2இல் வந்த எண் 'துவே' இல்லை, இங்கே 'நிச்சயம்')

ஓ–ஏ தடம் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். அப்புறம், கிர்நாரில் இல்லாத சொல் ஒன்று கால்சியில் நுழைந்திருக்கிறது, அதற்கும் வட்டம் போடுங்கள். 'ந', 'நோ' இரண்டுக்கும் எந்த நிறப் பேனா?