எந்த ஸ்க்ரூவுக்கு எந்த ஸ்க்ரூ டிரைவர்?

பல வீடுகளில் மின்சார டெஸ்டர்தான் எல்லா ஸ்க்ரூவையும் கழற்றுகிறது. ஃபேன் ரெகுலேட்டர், கதவுக் கீல், மிக்ஸியின் அடிமூடி எல்லாவற்றுக்கும் அது ஒன்றே. டெஸ்டரின் பிளாஸ்டிக் உடலுக்குள் நியான் விளக்கும் மின்தடையும் ஸ்பிரிங்கும் மட்டுமே இருக்கின்றன. அழுத்தித் திருப்பும் வேலைக்காகச் செய்ததல்ல அது. விரிசல் விட்ட டெஸ்டரை மின்கம்பியில் வைப்பது ஆபத்து. பிளக்கிலும் சுவிட்சிலும் உள்ள சின்ன ஸ்க்ரூவோடு அதன் வேலையை நிறுத்திக்கொள்ளுங்கள்.

முதலில் ஸ்க்ரூவின் தலையைப் பாருங்கள். ஒற்றைக் கோடு இருந்தால் ஃப்ளாட் டிரைவர். அதன் அலகு, அதாவது தட்டையான நுனி, கோட்டின் முழு நீளத்துக்கும் இருக்க வேண்டும், தடிமனும் கோட்டை நிரப்ப வேண்டும். அலகு குறுகலாக இருந்தால் கோட்டின் விளிம்பு பிய்ந்துவிடும். அகலமாக இருந்தால் ஸ்க்ரூவைச் சுற்றியுள்ள மரம் கீறும். 3, 5.5, 6.5 மி.மீ. என மூன்று அளவு இருந்தால் வீட்டு வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். மின் இணைப்புத் துளைக்குள் இருக்கும் ஸ்க்ரூவுக்கு, நுனிவரை ஒரே அகலத்தில் போகும் 3 மி.மீ. அலகு வேண்டும். நுனி விரிந்த அலகு துளைக்குள்ளேயே போகாது.

கூட்டல் குறி போன்ற பள்ளமுள்ள ஸ்டார் ஸ்க்ரூவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பார்க்க ஒன்றுபோல இருக்கும் மூன்று வகைகள் அதில் உண்டு.

பரவலாக இருப்பது ஃபிலிப்ஸ். 6, 8 நம்பர் மர ஸ்க்ரூவுக்கும் எம்4, எம்5 (4, 5 மி.மீ. தடிமன்) ஸ்க்ரூவுக்கும் பி.எச்.2, அதாவது ஃபிலிப்ஸ் 2-ஆம் எண் டிரைவர். எம்3 அளவுக்கு பி.எச்.1, எம்6-க்கு பி.எச்.3. ஒரே ஒரு டிரைவர்தான் வாங்க முடியும் என்றால் பி.எச்.2 வாங்குங்கள்.

இரண்டாவது போசிடிரிவ். பெரிய கூட்டல் குறிக்கு நடுவே, மூலைவாட்டில் நான்கு மெல்லிய கீறல்கள் தெரியும். மாடுலர் அலமாரிக் கீல்களிலும் எம்.சி.பி. (மின்சாரம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்ச்) முனைகளிலும் இதை அடிக்கடி பார்க்கலாம். இதற்கு பி.இசட்.2 (போசிடிரிவ் 2-ஆம் எண்) டிரைவர். ஃபிலிப்ஸ் நுனி கூம்பிக்கொண்டே போகும். போசிடிரிவின் பள்ளத்துக்கு அந்தச் சரிவு கிடையாது. அதனால் பி.எச்.2-ஐ இதில் வைத்தால் முதலில் பிடிப்பதுபோல இருக்கும், இறுக்கும்போது வழுக்கிவிடும். அலமாரிக் கதவைச் சரிசெய்யும் ஸ்க்ரூக்கள் கெட்டுப்போவது பெரும்பாலும் இப்படித்தான்.

மூன்றாவது ஜே.ஐ.எஸ்., ஜப்பானியத் தர அளவு. ஜப்பானிய வடிவமைப்பில் வந்த பழைய பைக்குகளின் கார்பரேட்டர், என்ஜின் மூடி ஆகியவற்றில் இருக்கும். பல ஸ்க்ரூக்களின் தலையில் சிறு புள்ளி குத்தியிருப்பார்கள். ஃபிலிப்ஸ் நுனி இதன் அடிவரை போய் உட்காராது, அதனால் பள்ளத்தின் மேல்விளிம்பு கிழிகிறது. ஜே.ஐ.எஸ். டிரைவரோ ஃபிலிப்ஸ் ஸ்க்ரூவிலும் நன்றாகப் பிடிக்கும். பைக் வேலை செய்பவர்கள் ஜே.ஐ.எஸ். 2, 3 இரண்டையும் தனியாக வாங்கி வைப்பது நல்லது.

பொருந்துகிறதா என்று சோதிக்க, நுனியைப் பள்ளத்தில் வைத்து லேசாக இடவலமாக அசையுங்கள். ஆட்டமே இருக்கக் கூடாது. ஆடினால் ஒரு எண் மேலே போய்ப் பாருங்கள். சின்னது உள்ளே போய்விடுகிறது என்பதற்காக அதையே பயன்படுத்தாதீர்கள்.

ஆறு முனை நட்சத்திரம் டார்க்ஸ். டி10, டி20, டி25 என்று எண்ணால் வாங்க வேண்டும். நடுவில் குமிழ் இருந்தால் நுனியில் துளையுள்ள டார்க்ஸ் தேவை.

நீண்ட தண்டு நேராகப் பிடிக்க உதவும், பலம் கூட்டாது. பலம் தருவது தடித்த கைப்பிடி. பொது வேலைக்கு 100 மி.மீ. தண்டு போதும், இடுக்கில் நுழைய 40 மி.மீ. குட்டை டிரைவர் ஒன்று வைத்திருங்கள். மின்வேலைக்கு பிளாஸ்டிக் கைப்பிடி மட்டும் போதாது. தண்டு முழுக்க உறை போர்த்தி, 1000 வோல்ட் என்றும் இரட்டை முக்கோணக் குறியும் அச்சிட்டிருக்க வேண்டும். அது கையில் இருந்தாலும் மெயினை அணைத்த பிறகே தொடுங்கள்.

திருப்பும்போது டிரைவர் ஸ்க்ரூவுக்கு நேர்க்கோட்டில் நிற்கட்டும். இறுகிய ஸ்க்ரூவில் திருப்பும் விசையைவிட அழுத்தும் விசை கூடுதலாக இருக்க வேண்டும். ஒருமுறை வழுக்கியதுமே நிறுத்திவிடுங்கள், ஒவ்வொரு வழுக்கலிலும் பள்ளம் இன்னும் அகலமாகும். துரு இருந்தால் துருவை இளக்கும் எண்ணெய் விட்டு 15 நிமிடம் ஊறவிடுங்கள். பள்ளம் பாதி தேய்ந்திருந்தால் வால்வு கிரைண்டிங் பேஸ்ட்டை நுனியில் சிறிது தடவுங்கள். அதன் மணல் பிடிப்பு தரும். என்ஜின் மூடி ஸ்க்ரூவுக்குச் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பேக்ட் டிரைவர் வேண்டும். நுனி மழுங்கிய ஃப்ளாட் டிரைவரை அரத்தால் தேய்த்து நேராக்கலாம். மழுங்கிய ஸ்டார் டிரைவரை அப்படிச் சீராக்க முடியாது, தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குங்கள்.