தாம்பரத்திலிருந்து கோயம்பேட்டுக்கு: பயண நேரத்தைக் குறைத்த விதம்

கோயம்பேடு சந்தைக்கு அருகிலுள்ள அலுவலகத்திற்குத் தாம்பரத்திலிருந்து பேருந்தில் சென்றபோது, கத்திப்பாரா நெரிசலால் எந்த நேரத்தில் சேர்வேன் என்று கணிக்கவே முடியவில்லை. கைப்பேசிச் செயலி, மின்சார ரயிலில் கிண்டி வரை சென்று மெட்ரோவில் ஏறச் சொன்னது. ஆனால் அங்கு நீல வழித்தடம் மட்டுமே இருப்பதால், வந்த திசையிலேயே ஆலந்தூருக்குத் திரும்பி, பச்சை வழித்தடத்திற்கு மீண்டும் மாற வேண்டியிருந்தது.

வரைபடத்தைப் பார்த்தபின், கிண்டிக்கு முந்தைய பரங்கிமலையிலேயே இறங்கத் தொடங்கினேன். பச்சை வழித்தடம் அங்கிருந்தே புறப்படுவதால் ஒரே மாற்றத்தில் கோயம்பேடு வந்துவிடுகிறது. பெரும்பாலும் உட்கார இடமும் கிடைக்கிறது, காலை வேளையில் இது சிறிய சலுகையன்று. சந்தைக்குச் செல்வோர் புறநகர்ப் பேருந்து நிலைய மெட்ரோவில் இறங்கிவிடாமல், அடுத்துவரும் கோயம்பேடு நிலையத்தில் இறங்குவது நல்லது.