கடலடி மலையில் ஆர்.ஓ.வி. இறக்குவது எப்படி

ஆர்.ஓ.வி. என்பது கப்பலிலிருந்து கேபிள் வழியாக இயக்கும் ஆளில்லாக் கலம். அதன் விளக்கொளி சில மீட்டர்தான் எட்டும். மலை எவ்வளவு பெரிது, எந்தப் பக்கம் செங்குத்து என்பதை அது சொல்லாது. அதனால் முதல் வேலை கப்பலின் மல்டிபீம் எக்கோசவுண்டருக்கு; பல ஒலிக்கற்றைகளை அனுப்பி, எதிரொலியை வைத்து ஆழம் அளக்கும் கருவி அது.

1 டிகிரி கற்றை 3,000 மீட்டர் ஆழத்தில் சுமார் 52 மீட்டர் அகலத்துக்குப் பரவும். அதைவிடச் சிறிய பாறை வரைபடத்தில் வராது. உச்சியை நெருங்கும்போது விவரம் கூடும், ஒரு ஓட்டத்தில் அளக்கும் அகலமோ சுருங்கும். அங்கே ஓட்டக் கோடுகளை நெருக்கிப் போடுங்கள். தொடங்குமுன் நீரின் உப்பு, வெப்பம், ஆழம் அளக்கும் சி.டி.டி. கருவியை இறக்கி ஒலிவேகம் எடுக்க வேண்டும். கடலில் அது நொடிக்கு ஏறக்குறைய 1,500 மீட்டர். வெப்பம், உப்பு, அழுத்தம் மாறினால் அதுவும் மாறும். பழைய அளவை வைத்து ஓட்டினால் சமதரைகூட இரு ஓரங்களிலும் வளைந்து தெரியும். வளைவைக் கண்டதும் மறுபடி அளந்துவிடுங்கள்.

பிறகு தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் மீனவர்களைப் பாருங்கள். தூண்டில் எங்கே சிக்கி அறுந்தது, நீவாடு, அதாவது நீரோட்டம், எந்தப் பக்கம் இழுக்கும் என்று அவர்களைப் போல் அறிந்தவர் இல்லை. அறுந்த கயிறு கலத்தைத் தள்ளும் உந்தி விசிறியில் சுற்றினால் கலம் மாட்டிக்கொள்ளும். அவர்கள் சொல்லும் இடங்கள் அவர்களுடைய பிழைப்பு. கேட்காமல் வெளியிடுவது துரோகம்.

கலம் அடிவாரத்தில் இறங்கி உச்சியை நோக்கி ஏறட்டும். அப்போது கேமரா சரிவைப் பார்த்தபடி இருக்கும், கேபிளும் பாறையை விட்டு விலகி நிற்கும். கீழ்நோக்கிப் போனால் பின்னால் வரும் கேபிள் பாறை விளிம்புகளில் உரசி மாட்டும். நீரோட்டத்தை எதிர்த்து முகம் வையுங்கள். கிளம்பும் சேறு பின்னால் போய்விடும். உச்சியில் நீரோட்டம் திடீரென வலுக்கும், அங்கே உந்திக்குப் பாதி வலுவாவது மிச்சம் வேண்டும்.

பயணங்கள் வீணாவது இடக்குறிப்பிலும் உண்டு. கப்பலிலிருந்து ஒலியால் கலத்தின் இடத்தைக் காட்டும் யு.எஸ்.பி.எல். கருவியின் பிழை தொலைவில் 0.5 சதவீதம் என்றால், 1,000 மீட்டரில் 5 மீட்டர்; புள்ளிகள் குதிக்கவும் செய்யும். தரையைப் பார்த்து வேகம் அளக்கும் டி.வி.எல். கருவியோடு சேர்த்தால் தடம் சீராகும். கேமரா, யு.எஸ்.பி.எல்., டி.வி.எல். மூன்றின் கடிகாரமும் ஒரே நேரம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் எந்தப் படம் எந்தப் பாறையினுடையது என்று பிறகு கண்டுபிடிக்கவே முடியாது. படம் எடுக்கத் தரையிலிருந்து 2 மீட்டர் உயரம், மெதுவான ஓட்டம், அடுத்தடுத்த படங்களுக்குள் 70 முதல் 80 சதவீதம் மேற்படிவு; படத்தில் அளவு தெரிய 10 செ.மீ. இடைவெளியில் இரு லேசர் புள்ளிகள்.

கன்னியாகுமரிக்குத் தெற்கே உள்ள வாட்ஜ் பேங்க் கடலடி மலை அல்ல, கண்டத்திட்டின் ஆழமற்ற மேடு. ராமன், பணிக்கர் கடலடி மலைகள் அரபிக்கடலின் ஆழத்தில் உள்ளவை. அங்கே போகுமுன் கேபிள் கையாளப் பழக நம் கரையோரப் பார்களே, அதாவது கடலடிப் பாறைத் திட்டுகளே, நல்ல இடம். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம். படகு தூக்கிப்போடும்போது கேபிள் வெட்டி இழுபடும்.

ஒவ்வொரு இறக்கத்துக்கும் முன் நீர் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையங்களான ஓ-ரிங்குகளைத் துடைத்து, விரலால் தடவிப் பாருங்கள். 3,000 மீட்டரில் அழுத்தம் மேற்பரப்பில் இருப்பதைப் போல் சுமார் 300 மடங்கு. ஒரு தலைமுடி ஒட்டியிருந்தால் போதும், நீர் உள்ளே வந்துவிடும். ஏறி வந்ததும் நன்னீரில் கழுவி, தரவை இரு வட்டுகளில் ஏற்றிய பிறகே அடுத்த இறக்கம்.