வவுனியா டவுனுக்குள்ள வாகனத்தை எங்க, எப்பிடி நிப்பாட்டுறது? புது லைசன்ஸ்காரருக்கு ஒரு செய்முறை விளக்கம்

புதுசா லைசன்ஸ் எடுத்துப்போட்டு நெடுங்கேணி, செட்டிகுளம், ஓமந்தைப் பக்கமிருந்து டவுனுக்கு வாற ஆக்களுக்கு வாகனம் ஓடுறது ஒரு பிரச்சினையே இல்ல, மழைக்காலத்தில வயல் றோட்டில லாண்ட்மாஸ்டர் ஓடினவைக்கு ஏ9 றோட்டு என்ன கஷ்டம், பிரச்சினை துவங்குறது நிப்பாட்டுற இடத்திலதான். எங்க விடலாம், காசு கேட்டு வாற ஆள் ஆர், துண்டு எழுதுற ஆள் ஆர், எதை எங்க கொண்டுபோய்க் கட்டுறது எண்டு தெரியாம கனபேர் அந்தரப்படுகினம். அதைத்தான் படிப்படியா எழுதுறன். கிளிநொச்சி, மன்னார், முல்லைத்தீவு ஆக்களும் வாசிக்கலாம், சட்டம் ஒண்டுதான், சபையின்ர பேர்தான் மாறும்: கிளிநொச்சி டவுன் எண்டா கரைச்சி பிரதேச சபை, மன்னார் டவுன் எண்டா நகர சபை.

படி 1: சபை வேற, பொலிஸ் வேற

இது விளங்கினா மிச்சம் எல்லாம் சுகம். பார்க்கிங் இடம் ஒதுக்குறது, போர்ட் போடுறது, கட்டணம் வாங்குறது சபையின்ர வேலை (வவுனியா முந்தி நகரசபை, இப்ப மாநகரசபை). பிழையா நிப்பாட்டினதுக்குத் தண்டம் எழுதுறது போக்குவரத்துப் பொலிசின்ர வேலை, அது 1951ஆம் ஆண்டு 14ஆம் இலக்க மோட்டார் வாகனச் சட்டத்துக்குக் கீழ வரும். சபைக்காக டிக்கெட் கிழிக்கிற தம்பிக்கு உங்கட லைசன்சையோ சாவியையோ வாங்கி வைக்கிற உரிமை இல்ல. பொலிசும் பார்க்கிங் காசு வாங்காது. இதுக்குள்ள மூண்டாவதா ஒராள் இருக்கு, வீதி அபிவிருத்தி அதிகார சபை. கண்டி வீதி, மன்னார் வீதி, ஹொறவப்பொத்தானை வீதி மாதிரிப் பெரிய றோட்டுகள் அவையின்ர பொறுப்பு, அதால அங்க கோடு அழிஞ்சு போச்சு எண்டு மாநகரசபையில போய்ச் சண்டை பிடிச்சு வேலையில்ல.

படி 2: போர்டைப் பாக்கப் பழகுங்கோ

நீலச் சதுரத்தில வெள்ளையா பீ எழுத்து இருந்தா விடலாம். நீல வட்டம், சுத்திச் சிவப்பு விளிம்பு, குறுக்கால ஒரு சிவப்புக் கோடு எண்டா பார்க் பண்ணக்கூடாது, ஆளை இறக்கிப்போட்டு உடன எடுக்கலாம். பெருக்கல் அடையாளம் மாதிரி ரெண்டு கோடு போட்டிருந்தா நிப்பாட்டவே கூடாது, "ஒரு நிமிசம் சேர்" எண்ட கதையும் எடுபடாது. போர்டுக்குக் கீழ சின்னதா நேரமோ வாகன வகையோ எழுதியிருந்தா அதையும் வாசியுங்கோ, முக்கால்வாசிப் பேர் வட்டத்தைப் பாத்திட்டு அதோட விட்டிடுவினம்.

போர்ட் இல்லாத இடம் எல்லாம் விடலாம் எண்டு நினைக்கிறதுதான் பெரிய பிழை. சந்தி, வளைவு, பாலம், பஸ் தரிப்பிடம், ரயில் கடவை, மஞ்சள் கடவை (இப்ப வெள்ளையா அடிச்சாலும் சனம் மஞ்சள் கடவை எண்டுதான் சொல்லுது), நடைபாதை, மற்றவையின்ர கேற் வாசல், இதுக்கெல்லாம் போர்ட் தேவையில்ல. ஆஸ்பத்திரி வாசலைச் சொல்லவே வேண்டாம், 1990 நம்பர் அம்புலன்ஸ் வந்து ஹோர்ன் அடிச்சுக்கொண்டு நிக்கேக்க உங்கட வாகனத்துக்கு ஆளைத் தேடுற நிலைமை வரக்கூடாது.

படி 3: நேரம் பாத்து வாங்கோ

காலமை ஏழு ஏழரைக்கும் பள்ளிக்கூடம் விடுற ஒண்டரைக்கும் டவுன் றோட்டுகள் இறுகிப் போகும், தீபாவளி, பொங்கல் வாரத்தில பஜார் வீதிப் பக்கம் காரோட போறது சும்மா தலையிடி. அப்பிடி நாளில கொஞ்சம் தள்ளி விட்டிட்டு நடவுங்கோ. பட்டா லொறியில சாமான் ஏத்தி இறக்கிற ஆக்கள் கடை திறந்து சனம் சேர முதல் வேலையை முடிக்கிறது நல்லது.

படி 4: நிப்பாட்டுற முறை

இடப்பக்க ஓரமா, வாகனம் போற திசையைப் பாத்தபடி விடுங்கோ. எதிர்ப்பக்கம் இடம் கிடக்கு எண்டு குறுக்கால வெட்டிப்போய் மூஞ்சையைத் திருப்பி விடுறது நாங்கள் எல்லாரும் செய்யிற வேலைதான், ஆனா அதுவும் பிழை. கோடு கீறியிருந்தா நாலு சில்லும் கோட்டுக்குள்ள. ஹேண்ட் பிரேக் போட்டு, கதவைத் திறக்க முதல் பின்னால சைக்கிள் வருதோ எண்டு பாருங்கோ. மோட்டச்சைக்கிள் எண்டா மற்றவை விட்டிருக்கிற அதே சரிவில விட்டு, ஹேண்டிலைப் பூட்டுங்கோ. ஒருத்தர் நேரா விட, ஒருத்தர் சரிச்சு விட, நடுவில நிண்டதை எடுக்கேலாம நாலு பேர் தூக்கி வைக்கிற கூத்து ஒவ்வொரு நாளும் நடக்குது.

ஒரு விசயம், கடைக்கு முன்னால வெறும் மரக்கறிப் பெட்டி, பழைய ரயர், கயிறு கட்டின கதிரை எல்லாம் வச்சு இடம் பிடிச்சிருப்பினம். றோட்டு கடைக்காரருக்குச் சொந்தம் இல்ல. அதுக்காக ரயரைத் தூக்கி எறிஞ்சு சண்டைக்குப் போகவும் சொல்லேல்ல, "அண்ணை, பத்து நிமிசத்தில எடுத்திடுவன்" எண்டு கேட்டா பாதிப்பேர் தாங்களே எடுத்து வைப்பினம், மற்றப் பாதிப்பேரைப் பற்றிச் சபைக்கு எழுதிக் குடுக்கலாம்.

படி 5: கட்டணத் துண்டு

கனக்கக் கதை வாறது இதிலதான். வழமையா சபை நேரடியா நிண்டு காசு வாங்காது, பார்க்கிங் இடத்தை வருசக் குத்தகைக்கு டெண்டர் விடும், எடுத்தவர் ஆக்களை வச்சுச் சேர்ப்பார். அதால உங்களிட்ட வாறவர் அனேகமா சபை ஊழியர் இல்ல, குத்தகைக்காரரின்ர ஆள். அவர் ஒரு சின்னத் துண்டைக் கிழிச்சு வைப்பருக்குக் கீழ செருகிப்போட்டுப் போவார், இல்லாட்டிக் கையில தருவார். வாங்கின உடன மடிச்சுப் பொக்கெற்றுக்குள்ள போடாம வாசியுங்கோ: சபையின்ர பேர் இருக்கோ, தொடரிலக்கம் இருக்கோ, கட்டணம் அச்சடிச்சு இருக்கோ, உங்கட வாகன வகை சரியோ, நேரம் எழுதியிருக்கோ. மோட்டச்சைக்கிளுக்குக் கார் துண்டு வந்தா அந்த இடத்திலேயே சொல்லுங்கோ, வீட்டை போய்ப் பாத்திட்டுக் கத்தி வேலையில்ல.

துண்டு தராமக் காசு கேட்டா "துண்டு தாங்கோ தம்பி, தாறன்" எண்டு மட்டும் சொல்லுங்கோ. வெய்யிலுக்க நாள் முழுக்க நிக்கிற பிள்ளையோட கத்துறதில ஒரு பிரயோசனமும் இல்ல, அறவிடுற தொகையை அவன் தீர்மானிக்கிறதில்ல. அச்சடிச்சதைவிடக் கூடக் கேட்டா துண்டைப் படம் எடுத்து வச்சுக்கொண்டு சபையில முறைப்பாடு குடுங்கோ, எழுத்தில குடுத்துப் பிரதியில திகதியோட கையெழுத்து வாங்குங்கோ.

கட்டணமே சரியோ எண்டு சந்தேகம் எண்டா 2016ஆம் ஆண்டு 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கு. சபையின்ர தகவல் அலுவலருக்கு ஒரு கடிதம், "இந்த வீதியில பார்க்கிங் அறவிட அனுமதிக்கிற உப விதி, கட்டண விபரம், இந்த வருசக் குத்தகை ஒப்பந்தம் ஆகியவற்றின் பிரதி தேவை" எண்டு. ஏன் தேவை எண்டு நீங்கள் காரணம் சொல்லத் தேவையில்ல. தரலாமோ இல்லையோ எண்ட முடிவை அவை 14 வேலை நாளுக்குள்ள சொல்லவேணும். முகநூலில திட்டுறதைவிட இது கெதியா வேலை செய்யும்.

இன்னொண்டு, சபைத் துண்டு இருக்கு எண்டதுக்காகப் பொலிஸ் உங்களைத் தொடாது எண்டு நினைக்காதேங்கோ. காசு கட்டிப்போட்டு மஞ்சள் கடவையில அரைவாசி ஏத்தி விட்டா தண்டம் தண்டம்தான்.

படி 6: பொலிஸ் தண்டம் எழுதினா

வாக்குவாதப்படாம லைசன்ஸ், வரிப்பத்திரம், இன்சூரன்ஸ் மூண்டையும் எடுத்துக் குடுங்கோ. குற்றம் தண்டப் பட்டியல்ல இருக்கிறது எண்டா லைசன்சை வாங்கி வச்சுப்போட்டுத் தண்டப்பத்திரம் தருவினம், அதுதான் 14 நாளைக்கு உங்கட தற்காலிக அனுமதிப்பத்திரமும், அதை வச்சு ஓடலாம். 2018இல திருத்தின பட்டியல்ல 33 குற்றம் இருந்தது, நிப்பாட்டுறது, பார்க் பண்ணுறது சம்பந்தமான பிழைக்கு 1000 ரூபா. எதுக்கும் பத்திரத்தில எழுதியிருக்கிற தொகையைப் பாருங்கோ, கட்டவேண்டியது அதைத்தான்.

பத்திரத்தை வாங்கின உடன பேர், வாகன இலக்கம், குற்றம், இடம், திகதி எல்லாம் சரியோ பாருங்கோ. எழுதினது சிங்களத்தில இருந்து விளங்கேல்லையோ, "சேர், என்ன எழுதியிருக்கு எண்டு சொல்லுங்கோ" எண்டு கேளுங்கோ. வடக்கில நிர்வாக மொழி தமிழ், கேக்கிறதில பயப்பட ஒண்டுமில்ல. விளங்காமக் கையெழுத்து வச்சிட்டுப் பேந்து தெரிஞ்ச ஆக்களுக்குப் படம் அனுப்பி "இதில என்ன கிடக்கு" எண்டு கேக்கிற ஆக்கள் இப்பவும் இருக்கினம்.

கையில திணிச்சு முடிக்கிற எண்ணம் வேண்டாம், அது குடுக்கிறவருக்கும் குற்றம். அவையாக் கேட்டா இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின்ர 1954 நம்பருக்குப் போன் எடுங்கோ.

படி 7: கட்டுறதும் லைசன்ஸ் எடுக்கிறதும்

14 நாளுக்குள்ள தபால் கந்தோரில பத்திரத்தைக் காட்டிக் காசைக் கட்டி, ரசீதைக் கொண்டுபோய் எழுதின பொலிஸ் நிலையத்தின்ர போக்குவரத்துப் பிரிவில குடுத்தா லைசன்ஸ் கைக்கு வரும். கடைசி நாள் மட்டும் இழுக்காதேங்கோ, அது ஞாயிறிலயோ போயா நாளிலயோ வந்து விழும். 14 நாள் தாண்டினா 28 நாள் மட்டும் ரெண்டு மடங்கு, அதுக்கும் மேல போனா நீதவான் நீதிமன்றம். "நான் பிழை விடேல்ல" எண்டு உறுதியா நிக்கிறவை கட்டாம விட்டு நீதிமன்றத்தில சொல்லலாம், ஆனா வேலை கெட்டு அலைய வேண்டிவரும், சட்டத்தரணி செலவும் இருக்கு, 1000 ரூபா விசயத்துக்கு அது தேவையோ எண்டு நீங்கள்தான் யோசிக்கவேணும். உண்மையிலேயே அநியாயம் எண்டா அந்த இடத்தையும் போர்டையும் அண்டைக்கே படம் எடுத்து வையுங்கோ, ரெண்டு கிழமையால புதுப் போர்ட் முளைச்சிருந்தா உங்களிட்ட ஆதாரம் ஒண்டும் மிஞ்சாது.

2025இல துவங்கின கவ்பே (GovPay, அரசாங்கத்துக்குக் காசு கட்டுற ஒன்லைன் முறை) மூலமா போனிலேயே தண்டம் கட்டுற வழியும் கட்டம் கட்டமா வந்தது. காசு போனது உறுதியானா லைசன்சை அங்கேயே திருப்பித் தாறதுதான் அதின்ர நோக்கம், அதால எழுதுற நேரமே "கவ்பேயில கட்டலாமோ சேர்" எண்டு கேட்டுப் பாருங்கோ, பாங்க் அப் போனில இருக்கவேணும்.

லைசன்சைத் திருப்பி வாங்கேக்க அது உங்கடதுதானோ எண்டு பேரையும் இலக்கத்தையும் பாத்து வாங்குங்கோ, கட்டுக்கட்டா றப்பர் பாண்ட் போட்டு வச்சிருப்பினம், அவசரத்தில மாறிக் குடுபடும்.