குட்டி போடும் பருவமும் காவல் நாயும்: எங்கே தவறுகிறோம்?

பட்டியில் காவல் நாய் வைத்திருப்பவர்கள் ஆடுகள் குட்டி போடும் நாட்களில் இரண்டு விதமாகத் தவறுகிறார்கள். "நாய் இருக்கே, அது பார்த்துக்கும்" என்று போய்ப் படுத்துவிடுகிறவர் ஒரு வகை. விடிந்து போய்ப் பார்த்து, நாயின் வாயெல்லாம் ரத்தமாக இருப்பதைக் கண்டதும் தடியைத் தூக்குகிறவர் இன்னொரு வகை.

அந்த ரத்தம் பெரும்பாலும் நஞ்சுக்கொடியுடையது. ஆடு போட்ட நஞ்சைத் தின்பது நாய்க்கு இயல்பு. நரியையும் ஓநாயையும் இழுக்கும் வாடை அதனால் பட்டியில் தங்காமல் போகிறது. அதற்காக அடித்தால் நாய் கற்றுக்கொள்வது ஒன்றுதான்: குட்டி இருக்கும் பக்கம் போனால் அடி விழும். அப்புறம் ராத்திரியில் குட்டிகளை விட்டு எட்டிப் படுக்கும். காவலே போயிற்று. முதலில் குட்டிகளை எண்ணுங்கள், உடம்பில் பல் பட்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். தடியைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இரட்டைக் குட்டி போடும் ஆட்டைக் கவனித்திருப்பீர்கள். முதல் குட்டி விழுந்ததும் தாய் நக்கத் தொடங்கும். சற்று நேரத்தில் அடுத்த வலி வந்துவிடும், படுத்து முக்கும். முதல் குட்டி ஈரத்தோடு தலையை ஆட்டிக்கொண்டு தனியே கிடக்கும். ஒரு வயது இளம் நாய் நுழைவது அந்த இடைவெளியில்தான். கடிக்காது. ஆசையாக நக்கும், நக்கி நக்கிக் காயவே வைத்துவிடும். தாய் தன் குட்டியை அடையாளம் வைத்துக்கொள்வது அந்த ஈரத்தின் வாசனையை வைத்து, அதுவும் பிறந்த முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள். எழுந்து வந்து மோந்து பார்க்கிற தாய், நாய் வாடை வீசும் குட்டியை முட்டித் தள்ளினால் அதன்மேல் குற்றமில்லை. மடிக்கே விடாது. பிறகு சீம்பாலைக் கறந்து புட்டியில் புகட்டும் வேலை உங்கள் தலையில். அதையும் தள்ளிப்போட முடியாது: முதல் சில மணி நேரத்துக்குள் உள்ளே போனால்தான் சீம்பாலின் நோய் எதிர்ப்புச் சக்தி குட்டியின் உடம்பில் முழுதாகச் சேரும், 24 மணி நேரம் ஆனால் குடல் அதை ஏற்கும் தன்மையே அநேகமாகப் போய்விடும்.

கிரேட் பிரனீஸ், அனடோலியன் ஷெப்பர்ட் போன்ற காவல் இனங்கள் உடம்பில் சீக்கிரம் வளர்ந்துவிடும். புத்தி முதிர இரண்டு வயதாவது ஆகும். ஆளுயரம் நிற்கிறதே என்று நம்பி, ஒரு வயது நாயைச் சினையாடுகளோடு தனியே விடாதீர்கள். கிடா சேர்ந்த தேதியைக் குறித்து வைத்திருந்தால் அதிலிருந்து சுமார் 150 நாள் என்று கணக்குப் போடலாம். நாள் நெருங்கியதும் ஆட்டைச் சிறு தடுப்புக்குள் மாற்றி, குட்டி போட்ட பிறகும் இரண்டு மூன்று நாள் அங்கேயே வைத்தால் போதும்.

இதைச் சொன்னால் சிலர் நாயைத் தூரத்தில் கொண்டுபோய்க் கட்டிவிடுகிறார்கள். அதுவும் தவறுதான். காவல் அதிகம் தேவைப்படும் வாரமே அதுதானே! நாய் வேலிக்கு வெளியே படுக்கட்டும். பார்க்கட்டும், மோந்து பழகட்டும். பிறகு கயிற்றில் பிடித்து உள்ளே கூட்டி வாருங்கள். குட்டி போட்ட ஆடு சாதுவான நாயையும் முட்டும். நாய் ஒதுங்க இடமில்லாத மூலையில் இரண்டையும் விட்டால், எவ்வளவு நல்ல நாயும் ஒரு நாள் பல்லைக் காட்டும்.

சோற்றுத் தட்டு விஷயம் சின்னதுதான், ஆனால் குட்டி செத்துப்போவது அதனாலும் உண்டு. பத்து நாள் குட்டிக்குப் பயம் தெரியாது, நேராகப் போய்த் தட்டில் மூக்கை வைக்கும். நாய் உறுமும், அடுத்து கவ்வும். ஆடு நுழையாத இடத்தில் நாய்க்குச் சாப்பாடு வையுங்கள். மிச்சத்தை உடனே எடுத்துவிடுங்கள்.

நஞ்சைத் தின்னலாம் என்றேனே, அதற்கு ஒரு விலக்கு: ஆடு சினை கலைத்திருந்தால் கூடாது. புரூசெல்லா போன்ற கிருமி இருந்தால் நாய்க்கும் வரும், நமக்கும் வரும். கையுறை போட்டு எடுத்து, நாய் தோண்டாத ஆழத்தில் புதைத்துவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள். செத்துப் பிறந்த குட்டியையும் அறுத்த ஆட்டின் குடல், ஈரலையும் நாய்க்குப் பச்சையாகப் போடும் பழக்கத்தையும் விட வேண்டும். குடல், ஈரல் வழியாக நாய்க்கு நாடாப்புழு வரும். அதன் முட்டை எச்சத்தோடு மேய்ச்சலில் விழுந்து திரும்பவும் ஆட்டின் வயிற்றுக்குப் போகும். சாதாரணப் பூச்சி மருந்து எல்லாமே நாடாப்புழுவைக் கொல்லாது; பிராசிகுவான்டல் கலந்ததா என்று கேட்டு வாங்குங்கள். நாயின் எடை பார்த்து அளவு சொல்ல வேண்டியவர் மருத்துவர்.