வேகமான மேனுவல் காரை மெதுவாக ஓட்டும் முறை

நெடுஞ்சாலையில் அலுங்காமல் ஓடும் ஒரு கார் டிராபிக்கில் பத்து கிலோமீட்டர் வேகத்தில் தலையை ஆட்டிக்கொண்டும் உதறிக்கொண்டும் போனால், கிளட்ச் போய்விட்டது என்று பலரும் உடனே முடிவுகட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் கிளட்ச்சில் ஒரு குறையும் இருக்காது. என்ஜின் சக்கரங்களைத் தள்ளும் நிலையிலிருந்து, சக்கரங்கள் என்ஜினைச் சுற்றும் நிலைக்கு வண்டி மாறும் கணம் ஒன்று உண்டு. உதறல் அங்கேதான் பிறக்கிறது. அந்தக் கணத்தை மெதுவாகக் கடக்கக் கால்களைப் பழக்குவதைப் பற்றியதுதான் இக்கட்டுரை.

கியர்ப்பற்களுக்கு இடையிலும், இரு பக்கச் சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரென்ஷியலுக்குள்ளும் சிறிது இடைவெளி எப்போதும் இருக்கும். என்ஜினைத் தாங்கும் ரப்பர் மவுண்ட்டுகளும் சிறிது முறுக்கிக்கொள்ளும். கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை முழுதாக எடுத்துவிட்டால், இன்றைய என்ஜின்கள் எரிபொருளை அறவே நிறுத்திவிடுகின்றன. உடனே வண்டி பின்னுக்கு இழுக்கிறது, இடைவெளிகள் எல்லாம் ஒரு பக்கம் சாய்கின்றன. மறுபடி பெடலைத் தொட்டதும் அவை மறுபக்கம் போய் மோதுகின்றன. இதில் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வண்டி குலுங்கும்போது ஓட்டுபவரின் உடலும் முன்னும் பின்னும் ஆடுகிறது, உடலோடு காலும் ஆடுகிறது, கால் ஆட ஆடப் பெடல் அமுங்கி எழுகிறது, என்ஜினும் அதற்கு ஏற்ப இழுக்கிறது, விடுகிறது. ஒரு சிறு அதிர்வு மூன்று நான்கு நொடிகளில் பெரிய குலுக்கலாக வளர்வது இப்படித்தான்.

சாதாரணக் கார்களில் இது தெரியாததற்குக் காரணம், கனமான ஃப்ளைவீலும் (என்ஜினோடு சேர்ந்து சுற்றும் எடைச்சக்கரம்) மந்தமான ஆக்சிலரேட்டரும் ஓட்டுபவரின் பிழைகளை விழுங்கிவிடுவதே. வேகத்துக்காகச் செய்த கார்களில் ஃப்ளைவீல் இலேசானது, மவுண்ட்டுகள் விறைப்பானவை, ஆக்சிலரேட்டர் கூர்மையானது. 2000-களின் தொடக்கத்தில் வந்த பி.எம்.டபிள்யூ. இ46 எம்3 காரின் 3.2 லிட்டர் என்ஜினில் ஆறு சிலிண்டர்களுக்கும் ஆறு தனித்தனித் த்ராட்டில்கள் (காற்றை அளந்து விடும் வால்வுகள்) உண்டு. காற்று நிரம்பக் காத்திருக்க வேண்டிய வெளி மிகக் குறைவு என்பதால், காலின் சிறு நடுக்கமும் அப்படியே சக்கரத்துக்குப் போய்விடும். அந்தக் காரில் ஸ்போர்ட் பொத்தானை அழுத்தினால் பெடல் இன்னும் கூர்மையாகும். நகருக்குள் அந்தப் பொத்தானுக்கு வேலையே இல்லை. ஹோண்டா சிவிக் டைப் ஆர் வைத்திருப்பவர்கள் கம்ஃபர்ட் நிலையிலும், பி.எம்.டபிள்யூ. எம்2 வைத்திருப்பவர்கள் என்ஜின் அமைப்பை எஃபிஷியன்ட் நிலையிலும் வைத்துக்கொள்வது நல்லது. செலவில்லாத முதல் திருத்தம் இதுவே.

அடுத்தது உட்காரும் முறை. கிளட்ச்சைத் தரைவரை மிதித்த பிறகும் இடது முழங்கால் சிறிது மடங்கியிருக்கும்படி சீட்டை முன்னுக்கு நகர்த்த வேண்டும். கால் நீண்டு விறைத்தால் கிளட்ச்சை நுணுக்கமாக விட முடியாது. வலது குதிகால் தரையில் ஊன்றியிருக்க, பாதத்தின் முன்பகுதி மட்டுமே ஆக்சிலரேட்டரை அழுத்த வேண்டும். குதிகால் ஊன்றிய கால் உடலோடு சேர்ந்து ஆடாது. மேலே சொன்ன குலுக்கல் வளர வழியில்லாமல் போகும்.

வண்டியை நகர்த்தும் முறை காருக்குக் கார் மாறும். 550 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை உள்ள எம்2 போன்ற டர்போ காரைச் சமதளத்தில் ஆக்சிலரேட்டரைத் தொடாமலேயே நகர்த்தலாம். ஹோண்டா எஸ்2000 அதற்கு நேர்மாறு. 9,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) வரை சுற்றும் அதன் இரண்டு லிட்டர் என்ஜின் முழு முறுக்குவிசையைத் தருவதே 7,500 ஆர்.பி.எம்.-ல்தான் என்பதால், சுமார் 1,500 ஆர்.பி.எம். கொடுத்துவிட்டுக் கிளட்ச்சை விடுவதே அதற்குப் பொருந்தும். போர்ஷே கரெரா ஜிடி இன்னும் விசித்திரமானது. 5.7 லிட்டர் வி10 என்ஜினோடு 169 மில்லிமீட்டர் விட்டமே உள்ள செராமிக் கிளட்ச் பொருத்தப்பட்ட அந்தக் காரில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல் கிளட்ச்சை மட்டும் மெதுவாக முழுவதும் விட வேண்டும். என்ஜின் நின்றுவிடாமல் மின்னணுக் கட்டுப்பாடே பார்த்துக்கொள்ளும். பழக்கதோஷத்தில் நடுவில் ரேஸ் கொடுத்தவர்கள்தான் அதை நடுரோட்டில் அணைத்துவிட்டு விழித்தார்கள்.

எந்தக் காரானாலும், கிளட்ச் கவ்வத் தொடங்கும் இடத்தில் பெடலை ஒரு கணம் நிறுத்துங்கள். வண்டி நடை வேகத்தை எட்டும்வரை அங்கேயே வைத்திருந்து, பிறகு மிச்சத்தை விடுங்கள். பல பி.எம்.டபிள்யூ. கார்களில் கிளட்ச் எண்ணெய் திரும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வால்வு ஒன்று இருப்பதால், காலை வேகமாக எடுத்தாலும் கிளட்ச் தாமதமாகவே கவ்வும். கால் சொல்வது ஒன்று, வண்டி செய்வது ஒன்று என்று தோன்றினால், விடும் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள், இரண்டும் ஒத்துப்போய்விடும்.

ஊர்ந்து போகும் டிராபிக்கில் எந்த வேகத்தில் எந்த நிலை என்பதற்கு ஒரு எளிய கணக்கு உதவும். முதல் கியரில் என்ஜின் 14 சுற்று சுற்றும்போது சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதாகவும், சக்கரத்தின் சுற்றளவு 2 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். 800 ஆர்.பி.எம். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது என்ஜின் சுற்றும் வேகத்தில், வண்டி மணிக்குச் சுமார் 7 கிலோமீட்டர் போகும். இரண்டாவது கியரில் அந்த விகிதம் 8 என்றால், அதே ஐடிலில் 12 கிலோமீட்டர். ஆக, 7-க்குக் கீழே போக வேண்டுமென்றால் கிளட்ச்சை முழுதாக மிதித்து உருளவிடுவதுதான் வழி. 7 முதல் 12 வரை முதல் கியர். அதற்கு மேல் இரண்டாவது கியர். பலர் 15 கிலோமீட்டரிலும் முதல் கியரிலேயே இருந்துகொண்டு வண்டி உதறுகிறது என்கிறார்கள். முதல் கியரில் காலின் அசைவு ஒவ்வொன்றும் பெருகித்தான் சக்கரத்துக்குப் போகும். இரண்டாவதுக்கு மாற்றினால் பாதி உதறல் அங்கேயே அடங்கிவிடும். உங்கள் காரின் ஐடில் வேகங்களை ஆளில்லாத ஒரு சாலையில் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போவதும் தவறு. இரண்டு கார் நீளம் இடம் விட்டால், அவர் நின்று கிளம்பும்போதெல்லாம் நாமும் நின்று கிளம்ப வேண்டியதில்லை. ஐடிலிலேயே ஊர்ந்து போகலாம். அந்த இடத்தில் ஒரு ஸ்கூட்டர் நுழையும், நுழையட்டும்.

வேகம் குறைக்கும்போது ஆக்சிலரேட்டரைச் சட்டென்று விடாமல், கடைசிக் கால்வாசியை மட்டும் மிக மெதுவாக விட வேண்டும். வண்டி தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை என்ற ஒரு நடுநிலை காலுக்குத் தட்டுப்படும். கிளட்ச்சை மிதிக்க வேண்டுமானால் அந்த இடத்தில் மிதிக்க வேண்டும். திரும்ப வேகமெடுக்கும்போதும் அந்த இடத்தைத் தொட்டு, இடைவெளிகள் சேர அரை நொடி கொடுத்து, பிறகு அழுத்துங்கள். இவ்வளவையும் மீறிக் குலுக்கல் தொடங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரால் அதைச் சரிசெய்ய முயல வேண்டாம். கிளட்ச்சை மிதித்தால் உடனே நிற்கும்.

முதலிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றும்போதுதான் ஆர்.பி.எம். அதிகம் விழுகிறது. மேலே சொன்ன விகிதங்களின்படி 2,500-ல் மாற்றினால் என்ஜின் ஏறக்குறைய 1,430-க்கு இறங்க வேண்டும். இலேசான ஃப்ளைவீல் உள்ள என்ஜின் சட்டென்று இறங்கிவிடும் என்பதால் அங்கே தாமதிக்கக் கூடாது. இறங்க நேரமெடுக்கும் இன்றைய டர்போ என்ஜின்களில் அவசரப்படக் கூடாது. காலையில் கியர்பாக்ஸ் எண்ணெய் சூடாகும்வரை இரண்டாவது கியர் முரண்டு பிடித்தால் பலவந்தப்படுத்த வேண்டாம். கீழ் கியருக்கு இறங்குகையில் ஆர்.பி.எம்.-ஐத் தானே உயர்த்திக்கொள்ளும் வசதி எம்2-விலும் புதிய டைப் ஆர்-இலும் உண்டு. அதைப் பயன்படுத்துவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஃப்ளைவீலை இன்னும் இலேசானதாக மாற்றச் சொல்லும் ஆலோசனைகளைத் தினமும் டிராபிக்கில் ஓட்டுபவர்கள் கேட்காமலிருப்பதே மேல். ரேஸ் டிராக்கில் கிடைக்கும் பயனுக்கு விலையாக ஐடிலில் கியர்பாக்ஸ் கடகடக்கும், வண்டி நகர்த்தும்போதெல்லாம் அணையும். டர்போ காரில் குலுக்கலுக்குப் பயந்து மூன்றாவது, நான்காவது கியரில் 1,200 ஆர்.பி.எம்.-ல் முழு ஆக்சிலரேட்டர் கொடுப்பதும் கூடாது. நேரடி எரிபொருள் ஊசி உள்ள என்ஜின்களில் கலவை நேரத்துக்கு முன்பே எரிந்து பிஸ்டனைச் சேதப்படுத்தக்கூடும். முழு வளைவில் யூ-டர்ன் எடுக்கும்போது டயர் கட்டுக் கட்டாகத் துள்ளினால் அது கிளட்ச் சமாச்சாரமல்ல. அகலமான டயரும், இரு பக்கச் சக்கரங்களின் வேக வித்தியாசத்தைக் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியலும் உள்ள கார்களில் குளிர்ந்த டயரோடு அப்படி நேரும்.

மேட்டில் நிற்கும்போது ஹாஃப் கிளட்ச்சில் வண்டியைப் பிடித்து வைக்காமல் ஹேண்ட்பிரேக்கைப் பயன்படுத்த வேண்டும். கிளட்ச்சை அதிகம் எரிப்பது, பார்க்கிங் சாய்தளத்தில் ரிவர்ஸில் ஏற்றுவதுதான். ரிவர்ஸ் கியரின் ஐடில் வேகமும் ஏறக்குறைய முதல் கியரின் அளவே. அதைவிட மெதுவாக ஏற்ற நினைத்தால் வழி முழுவதும் கிளட்ச் உரசிக்கொண்டே வரும். கருகல் வாடை வந்தால் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, நியூட்ரலில் கிளட்ச்சிலிருந்து காலை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் ஆறவிடுங்கள். இடம் இருந்தால் அடுத்த முறை முன்பக்கமாக ஏற்றி நிறுத்திவிட்டு, வெளியே வரும்போது ரிவர்ஸில் இறக்கிக்கொள்ளுங்கள்.