வன்னிக் கந்தோரில் இறுக்கம் தளர்ந்து பழக

கிளிநொச்சியோ முல்லைத்தீவோ வவுனியாவோ, வன்னியிலுள்ள அரச கந்தோர்களுக்குப் புதிதாக நியமனம் பெற்று வருபவர்களில் பலருக்கு வேலை தெரியும், ஆட்களோடு கதைக்கத்தான் வாய் வராது. தலை நிமிராமல் கோவையைப் புரட்டிக்கொண்டிருந்தால் "பெருமை பிடிச்ச ஆள்" என்ற பெயர் ஒரு கிழமைக்குள் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதைக் கழற்றுவது கஷ்டம்.

முதலில் உடம்பைத் தளர்த்துங்கள். 8.30க்குக் கையொப்பம் என்றால் 8.15க்கே வந்துவிடுங்கள். ஏ9 வீதியில் பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்து கதிரையில் விழுபவருக்கு முதல் அரைமணித்தியாலம் சிரிப்பே வராது. முகம் கழுவி, தண்ணீர் குடித்து, நாலு எண்ணும்வரை மூச்சை இழுத்து ஆறு எண்ணும்வரை விடுங்கள். ஐந்து தடவை போதும். வெளிமூச்சு நீளும்போது நெஞ்சுத் துடிப்பு தணியும், குரலும் இறங்கும். பதற்றத்தில் குரல் ஏறி வேகமாவதால்தான், நாங்கள் சாதாரணமாகச் சொல்வதும் கேட்பவருக்குக் கோபமாகப் படுகிறது.

வணக்கத்தை வாசல் காவலாளியிடமிருந்தே தொடங்குங்கள். மேலதிகாரி சேர் அல்லது மிஸ். மற்றவர்களை வயது பார்த்து அழையுங்கள்: கந்தோர் உதவியாளர் பதவியில் கீழே என்றாலும், மூத்தவரென்றால் அண்ணைதான், அக்காதான். இளையவரையும் பழகும்வரை "நீங்கள்" என்றே சொல்லுங்கள். பத்து மணித் தேநீரை மேசையில் தனியே குடிக்காதீர்கள். முறிகண்டியில் பஸ் நின்றால் ஒரு பை கச்சான் வாங்கி வந்து நடுவில் வையுங்கள், கதை தானாக வரும்.

என்ன கதைப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். "வீட்டில எத்தனை பேர்?", "அவர் என்ன செய்யிறார்?", "2009இல எங்க இருந்தனீங்கள்?" வேறிடத்தில் இவை வெறும் அறிமுகக் கேள்விகள். இங்கே பக்கத்து மேசை அக்கா 2009 இறுதிப் போரில் முள்ளிவாய்க்காலில் பிள்ளையைப் பறிகொடுத்தவராக இருக்கலாம், இன்னும் கணவனைத் தேடுபவராக இருக்கலாம். கேட்டதும் அவர் ஒன்றில் பொய் சொல்லவேண்டும், அல்லது கந்தோருக்கு நடுவில் அழவேண்டும். ஆகவே குடும்பத்தைக் கேட்காமல் ஊரைக் கேளுங்கள். மாரியென்றால் "இரணைமடுக் குளத்து வான்கதவு திறந்தாச்சோ?", "காலபோகம் விதைச்சாச்சோ?"; வைகாசியென்றால் "வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போறீங்களோ?", பிறகு பாலைப்பழக் காலம். வயல் வைத்திருப்பவர் உரம் மருந்திலிருந்து நெல் விலைவரை தானே சொல்வார்.

அவராகவே இழப்பைப் பற்றிச் சொன்னால் பேனையை வைத்துவிட்டு முகத்தைப் பாருங்கள். "எல்லாத்தையும் மறந்திடுங்கோ" என்று சொல்லவே கூடாது. உங்கள் வீட்டுத் துன்பத்தை இடையில் நுழைக்கவும் வேண்டாம். "சொல்லுங்கோ அக்கா, கேட்டுக்கொண்டிருக்கிறன்" என்பதே போதும். கேட்டதை அடுத்த மேசைக்குக் கொண்டுபோகாதீர்கள். அதோடு எல்லாரும் உங்களிடம் வாய் திறப்பதை நிறுத்திவிடுவார்கள்.

பகிடியை ஆட்களைத் தெரிந்த பிறகு வைத்துக்கொள்ளலாம். சாதி, ஊர், உடம்பு பற்றிய பகிடி எப்போதுமே வேண்டாம். "யாழ்ப்பாணத்தில இப்படியில்லை" என்று ஒப்பிடுவது பகிடியை விட மோசம். இவ்வளவு அழிவுக்குப் பிறகு நிமிர்ந்த இடத்தை வெளியிலிருந்து வந்து குறைசொல்வதாகவே அது கேட்கும்.

பொதுமக்களிடமும் இதே முறைதான். பொலித்தீன் பைக்குள் அடையாள அட்டைப் பிரதியையும் பழைய கடிதங்களையும் அடுக்கிக்கொண்டு ஒரு அம்மா வந்து நிற்பார். நின்றபடி அவர் பையை அவிழ்க்கவேண்டாம். "இருங்கோ அம்மா" என்று கதிரையை இழுத்துப் போடுங்கள். பத்திரங்கள் எல்லாவற்றையும் ஒரே தடவையில் பாருங்கள். இன்று ஒன்று, அடுத்த முறை இன்னொன்று என்று திருப்பி அனுப்பினால், ஒவ்வொரு தடவையும் அவருக்கு பஸ் காசும் ஒருநாள் கூலியும் போகும். குறைவதை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, வாசித்துக் காட்டி, உங்கள் பெயரையும் கீழே எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை யாரைக் கேட்பதென்று அவர் தடுமாறமாட்டார்.